தற்காலிகக் குளிர் பிணவறை கோரி மூன்றாவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.

பொருள்: கொரோனா மூன்றாம் அலை வருமுன் தற்காலிகக் குளிர் பிணவறை அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் முதுநகர் துறைமுகத்து ஐஸ் கம்பெனித் தொழிலாளி. இதே விஷயமாக வேறு இரண்டு அலுவலகங்களில் மனு கொடுத்தேன். கையில் ரசீதுதான் மிச்சம்.

1. கடந்த மே மாதம், கத்திரி வெயிலில், என் தம்பி கொரோனாவில் இறந்தான். எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை. அங்கிருந்த ஊழியர்களும் பல நாள் தூங்காதவர்கள்தான்.

2. பிணவறைப் பெட்டி எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். சுடுகாட்டிலும் வரிசை. மாலை நாலு மணியிலிருந்து மறுநாள் பதினொரு மணி வரை தம்பி வராந்தாவில், பைக்குள் கிடந்தான். "ஐஸ் கிடைத்தால் கொண்டு வாங்க" என்றார் ஒருவர். கொண்டு போனேன் ஐயா. நெத்திலிக்கும் வஞ்சிரத்துக்கும் உடைத்த கையால் தம்பிக்கு உடைத்தேன். விடிவதற்குள் மூன்று ஐஸ் பார் கரைந்துவிட்டது. தண்ணீர் ஓடிப்போய்ப் பக்கத்தில் கிடந்த ஓர் அம்மாவின் பைக்கடியில் தேங்கியது. அவர் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார், துடைக்க.

3. சடலத்தைச் சுமார் 4 டிகிரியில் வைக்க வேண்டும், கெடாமலிருக்க மருந்து ஏற்றும் எம்பாமிங் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. எம்பாமிங்கும் கூடாது, பெட்டியும் இல்லை. நாங்கள் என்னதான் செய்வது?

4. குளிர்சாதனக் கன்டெய்னர்களை இப்போதே பேசி வையுங்கள். உள்ளே தட்டு அடித்தால் ஒருவர்மேல் ஒருவரைப் போட வேண்டியிருக்காது. மீன் வண்டியை மட்டும் கேட்காதீர்கள். அப்புறம் அதில் மீன் ஏற்ற முடியாது. இடம் மேடாக இருக்கட்டும், கெடிலம் ஆறு பெருகினால் என்னவாகும் என்பது தங்களுக்குத் தெரியும். ஜெனரேட்டர் கட்டாயம். தானே புயலில் இருட்டில் கிடந்த ஊர் இது. மழைக்காலத்தில் கொரோனா அலையும் புயலும் சேர்ந்து வந்தால்?

5. "செத்தவருக்கு என்ன அவசரம்?" என்று மனு வாங்கிய எழுத்தர் கேட்டார். அவரை ஒரு ராத்திரி அந்த வராந்தாவில் உட்காரச் சொல்லுங்கள்!

6. அமைத்துத் தாருங்கள் ஐயா.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளவும். கம்ப்ரசர் பார்க்க ஆளில்லை என்றால் இரவு முறைக்கு நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். தயவுசெய்து, வடகிழக்குப் பருவமழைக்குள் அமைத்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனித் தொழிலாளி,
கடலூர் முதுநகர்.
ஜூலை 2021

இணைப்பு: முந்தைய மனு ரசீது நகல் – 2