கிழவி வேஷம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போன் செய்தபோது பிளம்பர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அதனால் சரியாகப் பேச முடியவில்லை. நாடகத்தில் 34 வயதில் எனக்கு நரைத்த டோப்பாவா, கிழவி வேஷமா என்று அழாத குறையாகச் சொன்னாய்.

சாயங்காலம் கருவடிக்குப்பம் பக்கம் நடக்கப் போனேன். சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி உனக்கு ஞாபகம் இருக்கும். மதுரையில் நாடக சபா நடத்திய மனிதர், 1922-ல் நம் புதுச்சேரியில் வந்து கண்ணை மூடினார். அவர் எழுதிய வள்ளி திருமணம் நாடகத்தில்தான் பாடகர் கிட்டப்பா முருகனாகவும் கே.பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்றார்கள். அதில் வள்ளியை மடக்க முருகனே தாடி ஒட்டிக்கொண்டு கிழவனாகத்தான் வருவான்!

உன் தாத்தா சின்னப் பையனாக அவர்கள் நாடகத்தைப் பார்த்தவர். மைக் கிடையாது, ஆனாலும் அந்த அம்மாள் குரல் கொட்டகைக்கு வெளியே வண்டி மாட்டுக்குக் கூடக் கேட்கும் என்பார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஆனால் கொடுமுடியில் பிறந்து, வயிற்றுப்பாட்டுக்கு ரயிலில் பாடி வளர்ந்த குரல் அது. ஓடுகிற ரயில் சத்தத்தை மீறிப் பாடிய பிள்ளைக்குக் கொட்டகை எம்மாத்திரம்?

கிட்டப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருந்தது. மனஸ்தாபத்தில் பிரிந்திருந்த காலத்தில் அந்த அம்மாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. படித்தால் மனசு கனத்துவிடும். 1933-ல் கிட்டப்பா 27 வயதில் போய்விட்டார். இவருக்கு அப்போது 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான், ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். இதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை தெரியவில்லை, வருத்தம்தான்.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பார். ஜோடி வேண்டாம் என்றவரை நந்தனாராகவே, ஆண் வேஷத்தில், நடிக்கக் கூப்பிட்டார்கள். 1935-ல் வந்த அந்தப் படத்துக்குச் சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! 1951-ல் சட்ட மேலவைக்குப் போனார். 1953-ல் ஜெமினி ஸ்டூடியோ எடுத்த ஔவையார் படத்தில் ஔவைக் கிழவி. அப்போது அவருக்கு 44 வயது. 44-ம் 34-ம் ஒன்றா என்று நீ கேட்பாய். சரி, ஒன்றில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் படத்தை நான் டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தேன். நரைத்த தலை, கையில் கோல், அவ்வளவுதான் கிழவி. குரலை நடுக்கவே இல்லை. ராஜாக்களுக்கு நடுவில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் சின்னப் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். 1965-ல் திருவிளையாடலிலும் அப்படித்தான், கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை அதட்டுகிற மாதிரியே சமாதானம் செய்வார்.

நீயும் கூன் போட்டு இருமிக் காட்டாதே. நம் ஆயா இருமியா பேசினாள்? தெருக்கோடியில் போகிற மீன்காரம்மாவை வாசலிலிருந்தே நிறுத்துவாள்.

நாடகம் என்றைக்கு என்று சொல், ரயிலுக்கு டிக்கெட் போட வேண்டும். ஆயாவின் சுங்குடிப் புடவை அலமாரியில் இருக்கிறது, கொண்டுவருகிறேன். ஓரம் இற்றுப்போயிருக்கிறது, ஊக்குக் குத்தும்போது மட்டும் பார்த்துக் குத்து.

அன்புடன்,
அப்பா