தமிழ் இலக்கிய வகுப்பில் இணையம்: திருகோணமலைக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிமனைகளில் தமிழ்ப் பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட காலந்தொட்டு, ஆசிரியர் செயலமர்வுகளில் இணையவழிக் கற்பித்தல் தவறாது இடம்பெறும் தலைப்பாகிவிட்டது. பவர்பொயின்ட் தயாரிக்கவும், சூம் வகுப்பு நடத்தவும், வட்ஸ்அப் குழுவில் வேலைத்தாள் பகிரவும் கற்றுக்கொண்டோம். அவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆயினும், இலக்கியத்துக்கென்றே இணையத்தில் திரண்டிருக்கும் மூலநூல்களையும் அகராதிகளையும் ஒலிப்பதிவுகளையும் வகுப்பறையில் எவ்வாறு கையாள்வது என்பது பற்றி அங்கே மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. அதனைப் பேசத் தொடங்க வேண்டும் என்றும், அதற்கென மாவட்ட அளவில் ஒரு சிறு மின்தொகுப்பை உருவாக்க உதவ வேண்டும் என்றும் கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

சாதாரண தரத்தில் தமிழ்மொழியும் இலக்கியமும் படிக்கும் பிள்ளைகளுக்கும், தமிழ் இலக்கிய நயத்தைத் தெரிந்தெடுத்த பிள்ளைகளுக்கும், கைத்தொலைபேசியில் இன்று வந்து சேர்வது பெரும்பாலும் யாரோ எழுதிய நயவுரையும் மாதிரி விடையுமே. செய்யுளை ஒருமுறையேனும் வாய்விட்டுப் படிக்காத பிள்ளை அதிலுள்ள உவமையின் சிறப்பைப் பிழையின்றி எழுதிவிடுகிறது, புள்ளியும் கிடைத்துவிடுகிறது. ரியூசன் வகுப்பு நோட்ஸ் காலத்திலிருந்தே இருந்துவரும் பழக்கந்தான் இது. இணையம் அதனை விரைவுபடுத்தியிருக்கிறது, அவ்வளவே. அதே இணையம் மாணவரைப் பாடலிடமே நேரே அழைத்துச் செல்லவும் வல்லது என்பதுதான் என் வாதம்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். ஞானசம்பந்தர் கோணேசர்மீது பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் உள்ளது. அதன் முதற்பாட்டை ஒரு பாடவேளையில் கற்பிப்பதாக வைத்துக்கொள்வோம். பொருள் எதுவும் சொல்லாமல், ஓதுவார் ஒருவர் பாடிய ஒலிப்பதிவை முதலில் இரண்டு தடவை கேட்கவிடலாம். எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்த இடத்தில் நீட்டுகிறார் என்று கவனிக்கும் மாணவருக்குச் சீர் பிரிப்பு காதாலேயே பிடிபட்டுவிடும். அதன்பின் புணர்ச்சி பிரிக்காத பாடத்தைத் திரையில் இட்டு, எந்தச் சொல் எங்கே முடிகிறது என்பதை அவர்களையே குறிக்கச் செய்யலாம். ‘கரைகெழு சந்துங் காரகிற் பிளவும்’ என்ற அடிக்கு வரும்போது, ‘சந்து’ என்றால் ஒழுங்கைதானே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறக்கச் சொல்ல வேண்டும். 1924 தொடக்கம் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்த அந்த அகராதியைச் சிக்காகோ பல்கலைக்கழகம் தேடும் வசதியுடன் இணையத்தில் வைத்திருக்கிறது. அது அச்சொல்லுக்குத் தரும் பல பொருள்களில், அகிலுக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்தது சந்தனமே என்று மாணவர் தாமாகவே வாதிட்டு முடிவுக்கு வரும்போதுதான் இலக்கிய வகுப்பு நடக்கிறது. ஆசிரியரின் விளக்கம் அதற்குப் பிறகு வந்தால் போதும். (அதே பாட்டில் வரும் குரைகடலைக் காட்டுவதற்கு மட்டும் யூரியூப் வேண்டாம், பிரட்றிக் கோட்டைக்குள்ளால் மலைக்கு ஏறினால் நேரிலேயே கேட்கலாம்.)

கிண்ணியாவிலோ தோப்பூரிலோ கற்பிக்கும் ஆசிரியர் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை இதே முறையில் எடுக்கலாம். பழந்தமிழ் நூல்கள் பலவற்றை, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறார்கள். அவை ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில் இருப்பதால், ஒரு சொல் நூல் முழுவதிலும் எங்கெங்கே வருகிறது என்று நொடியில் தேடிப் பார்க்க முடிகிறது. தட்டச்சுப் பிழைகள் ஆங்காங்கே உண்டு. அச்சு நூலோடு ஒப்பிட்டு, எது பிழை, எது பாடபேதம் (பதிப்புக்குப் பதிப்பு மாறிவரும் சொல்) என்று பிரித்தறியச் சொன்னால் தரம் 10 மாணவருக்கு அதுவே நல்ல பயிற்சியாகும்.

நவீன இலக்கியத்துக்கு, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கம் செய்துவரும் நூலகம் தளத்தையே நாம் முதலில் நாடவேண்டும். மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் எழுத்தை மூதூர்ப் பிள்ளை அங்கே திறந்து வாசிக்கலாம். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று குறிப்பிடப்படும் மோகனாங்கியை 1895இல் வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்தத் திருகோணமலையைச் சேர்ந்தவர் என்பதை நம் மாணவரில் எத்தனை பேர் அறிவர்? இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை நூலாசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. 1902இல் மறைந்த சரவணமுத்துப்பிள்ளையின் எழுத்து எல்லோருக்கும் பொது. 2001இல் மறைந்த இராசரத்தினத்தின் எழுத்து அப்படியன்று. இணையத்தில் இருக்கிறது என்பதற்காக முழு நூலையும் இறக்கி வட்ஸ்அப்பில் சுற்றவிடுவது முறையல்ல. இணைப்பைக் கொடுத்தால் போதும். செயலமர்வுகளில் இதனை எவரும் சொல்லித் தருவதில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை இல்லாத பாட்டை இருப்பதாகச் சொல்கின்றன, ஒருவர் பாடியதை மற்றொருவர் தலையில் கட்டுகின்றன. தடைசெய்து பயனில்லை. அவை தரும் மேற்கோளை மூலநூலில் தேடிச் சரிபார்த்து வரும்படி ஒப்படை கொடுப்பதே மேல் என்று கருதுகிறேன்.

கருவிகளும் டேட்டாவும் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே அளவில் எட்டுவதில்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அதைவிடப் பெரிய தடை ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. நம்மில் பலர் வினாத்தாளையும் குறிப்பையும் இன்னமும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்கிறோம். பாமினியில் அடித்த எழுத்து கணினிக்கு உள்ளே ஆங்கில எழுத்தாகவே கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகத் தெரிகிறது. தமிழில் தேடினால் அகப்படுவதில்லை. ஆண்டாண்டாக நம் ஆசிரியர்கள் உழைத்து உருவாக்கிய வேலைத்தாள்கள் ஒரு பாடசாலையிலிருந்து மறுபாடசாலைக்குப் பயன்படாமல் போவதற்கு இதுவே முக்கிய காரணம். வலய மட்டத்தில் கோரப்படும் தமிழ்ப் பாட ஆவணங்கள் ஒருங்குறியிலேயே அனுப்பப்பட வேண்டும் என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை விடுத்தால் நிலைமை மாறத் தொடங்கும். செலவு எதுவுமில்லை, சில வாரப் பழக்கம் போதும்.

நான் கேட்கும் மின்தொகுப்பும் பெரிய திட்டமன்று. பாடத்திட்டத்தில் உள்ள பழஞ்செய்யுள்கள் ஒருங்குறியில், சரிபார்க்கப்பட்ட பாடமாக. அவற்றுக்குக் கிடைக்கும் ஒலிப்பதிவுகள், உரியவர்களின் அனுமதியோடு. உரிமையுள்ள நவீன ஆக்கங்களுக்கு இணைப்புகள் மட்டும். மாதிரி விடை எதுவும் அதில் வேண்டாம். எழுத்து வடிவில் முழுக் கம்பராமாயணமும் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும் என்பதால், குச்சவெளியிலோ ஈச்சிலம்பற்றிலோ உள்ள ஒரு சிறிய பாடசாலைக்கு இத்தொகுப்பை ஒரு பென்டிரைவில் கொடுத்துவிடலாம். வகுப்பு நேரத்தில் இணையத் தொடர்பு இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

வருகின்ற தவணை விடுமுறையில் இரண்டு நாட்களை இதற்கென ஒதுக்கி, கணினி அறை உள்ள ஒரு பாடசாலையில் ஐந்து வலயங்களின் தமிழ் ஆசிரியர்களையும் கூட்டுவீர்களாயின், தரம் 10, 11 செய்யுட் பகுதியை அங்கேயே தட்டச்சுச் செய்து ஒப்புநோக்கிவிடலாம். ஒப்புநோக்கும் வேலையை நான் பொறுப்பேற்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
திருகோணமலைத் தமிழ் ஆசிரியர் ஒருவர்