எந்தப் பக்கத்தில் அழுதார்கள் என்று பாருங்கள்

இளையோர் நாவல்களுக்கு மதிப்புரை எழுதும் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளி நூலகர். பதின்பருவப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதும் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. உங்கள் மதிப்புரைகளை விடாமல் படிக்கிறேன். எங்கள் நூலகத்துக்கு என்ன வாங்கலாம் என்று பட்டியல் போடுவதே உங்கள் சொல்லை நம்பித்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு நாவல் வந்தது. பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது இந்த வகைக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அடுத்தடுத்த வீட்டில் பிறந்த ஒருவனும் ஒருத்தியும். நடக்கப் பழகிய நாளிலிருந்து கூட்டு. பதின்மூன்று வயதில் ஒன்றுமில்லாத ஒரு விஷயத்துக்குப் பேச்சு நின்றுபோகிறது. பதினேழில் மறுபடி பேசத் தொடங்கும்போது, இது வெறும் நட்பு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனுக்கு நோய். சொல்வதற்குள் போய்விடுகிறான்.

நாவலைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாதி எனக்கும் சம்மதம். கடைசி மூன்று அத்தியாயங்கள் அவசரத்தில் எழுதியவை. அவன் போகிற இரவில் மழை பெய்தே ஆக வேண்டுமா என்று நானும் நினைத்தேன். என்னை உறுத்தியது, நாவலை விட்டுவிட்டு அதைப் படித்த பிள்ளைகளைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஓரிரு வரிகள். கதையில் யாராவது செத்தால் போதும், இந்த வயசுக்காரர்கள் அழுதுவிடுவார்கள், அழுததையே புத்தகத்தின் தரம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்ற பொருளில் இருந்தன அவை. அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

எங்களிடம் இருப்பது ஒரே பிரதி. பின்னட்டையின் உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டு நிரம்பி, அதன்மேல் இரண்டாவது சீட்டு ஒட்டியாகிவிட்டது. கண்ணீர் பட்ட காகிதம் காய்ந்த பிறகு லேசாக உப்பி, சொரசொரப்பாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தப் பிரதியை முதல் பக்கத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தேன். அவன் இறக்கும் அத்தியாயம் ஏறக்குறைய வழவழவென்று இருந்தது. சுருங்கிக் கிடந்தது 112-ம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் யாரும் சாகவில்லை. பள்ளிக்கூட மாடிப்படி. அவன் இறங்கி வருகிறான், அவள் ஏறிப் போகிறாள். முகம் பார்க்க வேண்டாம் என்று அவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி நடிக்கிறாள். லேஸ் அவிழவில்லை என்பது அவனுக்குத் தெரிகிறது. ஐந்து வயதில் அந்த முடிச்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகிறான். அவ்வளவுதான் காட்சி. ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: "இங்கயே செத்துட்டான்." அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: "ரெண்டு பேரும்."

புத்தகத்தில் கிறுக்கினால் அழிக்க வேண்டியது என் கடமை. ரப்பரைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். இந்த நாவலுக்கு வந்த மதிப்புரைகளில் நான் படித்த எதுவும் இந்த இரண்டு வரி கண்டதைக் காணவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள், அதாவது உள்ளத்து உணர்வு வெளியே தெரியும் வகைகள், எட்டு என்று சொல்லும்போது நகைக்கு அடுத்த இடத்தை அழுகைக்குக் கொடுக்கிறார். அது பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அசைவு என்பதற்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் சொல்லும் உரை, பண்டை நிலைமை கெட்டு வேறாகி வருந்துவது. யாரும் சாகாமலே, எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே வருகிற அழுகை அது. எங்கள் பிள்ளைகள் மாடிப்படியில் அழுதது அசைவுக்கு. கடைசி அத்தியாயத்தில் இருப்பது இழவு. தொல்காப்பியம் படிக்காமலே இரண்டையும் பிரித்து, எது உண்மையாக எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே அழுது, எது அவசரத்தில் எழுதப்பட்டதோ அதைக் கடந்து போயிருக்கிறார்கள். இதைவிட வாசகரிடம் நீங்கள் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

சிறுவயதுத் தோழமையிலிருந்து வரும் காதலுக்கென்று தனியாக ஒரு கனம் உண்டு. மூன்று வயதுக்கு முந்தியது நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை, அதைப் பெற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். அதற்குப் பிறகு பெற்றவர்களுக்கே தெரியாத ஒரு காலம் வருகிறது. எந்தச் சுவரில் ஏறி விழுந்தோம், எந்தப் பொய்யைச் சேர்ந்து சொன்னோம், இருட்டில் யார் யாருடைய கையைப் பிடித்தோம் என்பதெல்லாம் கூட இருந்த அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் போய்விட்டால் காதலர் மட்டும் போவதில்லை. நம் பால்யத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதை என்னிடம் சொன்ன விதம்: "அவன் செத்ததுக்கப்புறம் அவளோட சின்ன வயசு நெஜமா நடந்துச்சானு கேக்க ஆளே இல்ல மிஸ்."

இந்தக் கனம் நம் மொழிக்குப் புதிதும் இல்லை. கலித்தொகையில் கபிலரின் குறிஞ்சிப் பாட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்து, சூடிய மாலையை இழுத்து, வரிப்பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே பயல், வளர்ந்த பிறகு தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள். அம்மா ஓடி வந்ததும், தண்ணீர் குடித்தவனுக்கு விக்கிக்கொண்டது என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். முன்பின் தெரியாத ஒருவனுக்காக அந்தப் பொய் அவ்வளவு சட்டென்று வாயில் வந்திருக்காது. மணல்வீட்டுக் காலத்துப் பழக்கம்தான் அதைச் சொல்ல வைக்கிறது.

1917-ல் வெளிவந்த, வங்க எழுத்தாளர் சரத் சந்திரரின் 'தேவதாஸ்' தொடங்குவதும் பள்ளிப் பருவத்தில்தான். குடித்து அழிந்தவனின் கதை என்றே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவனும் பார்வதியும் சேர்ந்து படித்த, சேர்ந்து ஊர் சுற்றிய பக்கங்களை எடுத்துவிட்டால், கடைசியில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து சாவதற்கு என்ன பொருள் இருக்கும்?

அழுவது வயசுக்கோளாறு என்கிற தொனிக்கு ஒரே ஒரு பதில் சொல்லிவிட்டு நகர்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சாமுவேல் ஜான்சனைவிடக் கறாரான விமர்சகரை நீங்கள் காட்ட முடியாது. 1765-ல் வெளிவந்த தம்முடைய ஷேக்ஸ்பியர் பதிப்பில் அவரே எழுதியிருக்கிறார்: 'லியர் அரசன்' நாடகத்தில் லியரின் மகள் கார்டீலியா இறப்பது பல வருஷங்களுக்கு முன்பு தம்மை எவ்வளவு உலுக்கியது என்றால், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வந்தபோதுதான் அந்தக் கடைசிக் காட்சிகளை மறுபடி படிக்கத் துணிந்தாராம். இதை எழுதியபோது அவர் பதின்பருவத்தில் இல்லை, ஐம்பதைத் தாண்டியிருந்தார். அதே நாடகத்தில் கார்டீலியாவை உயிரோடு விட்டுக் கல்யாணமும் செய்துவைத்து 1681-ல் நேஹம் டேட் என்ற கவிஞர் முடிவை மாற்றி எழுத, அந்த முடிவோடுதான் நூற்றைம்பது வருஷம் போல மேடைகளில் நடித்தார்கள். ஷேக்ஸ்பியரின் சோக முடிவு 1838-ல்தான் உருப்படியாக மேடைக்குத் திரும்பியது. ஆகவே, முடிவை மாற்றச் சொல்லி மன்றாடும் வாசகர் இன்றைய பிள்ளைகளோடு பிறந்தவர் இல்லை.

எங்கள் பத்தாம் வகுப்பில் ஒருத்தி அப்படி மாற்றியே எழுதினாள். நோட்டில் நாலு பக்கம். அவள் எழுதியதில் அவன் பிழைக்கிறான், இரண்டு பேரும் பேசுகிறார்கள். கொண்டுவந்து காட்டினாள், படித்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். ஒரு வாரம் கழித்து அவளே வந்தாள். "இல்ல மிஸ், நான் எழுதினது சரியில்ல. அவன் பொழைச்சுட்டா அவங்க அந்த நாலு வருஷம் பேசாம இருந்தது சும்மா ஆயிடுது. அவன் சாகட்டும், ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஷூ லேஸ் விஷயத்தப் பத்தி மட்டும் அவங்க பேசிருக்கணும்." முடிவை எங்கே தொட வேண்டும் என்பதை எழுதிப் பார்த்து, அழித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த நாவலாசிரியர் என் எதிரில் இருந்தால் இதை மட்டும் சொல்வேன்.

எல்லோரும் அழவில்லை. பதினாலு வயசுப் பையன் ஒருவன் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கோபமாகச் சொன்னான்: "நோய் கதையில வரல மிஸ், எழுத்தாளருக்கு முடிக்கத் தெரியாம உள்ள விட்டிருக்காங்க. முதல் நூறு பக்கத்துல ஒரு இருமல்கூட இல்ல." போய்ச் சரிபார்த்தேன். இல்லைதான்.

இன்னொருத்திதான் எனக்கு அதிகக் கவலை தந்தாள். வகுப்பே அழுத புத்தகம், தனக்கு மட்டும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தனக்கு ஏதோ குறை என்று பயந்துபோய், தோழிகளிடம் அழுததாகப் பொய் சொல்லியிருக்கிறாள். "நான் கல்நெஞ்சா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை, சிலருக்குக் கதை உடனே இறங்காது, சிலருக்குச் சில கதைகள் இறங்கவே வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்த வார்த்தை அவ்வளவுதான். ஒரு புத்தகத்தைப் பிடிக்காமல் போவதற்கும் இதயம் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள தூரத்தை அந்தப் பிள்ளைக்கு உங்களைப் போன்ற ஒருவர் எழுதிக் காட்டியிருக்கலாம். நீங்கள் அழுதவர்களைக் குறை சொல்வதில் இருந்தீர்கள். அழாதவளுக்கும் உங்களிடமிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி நான் சொல்வதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. 203-ம் பக்கத்தில், அவன் போன பிறகு ஓர் இரவு, அவளுக்கும் போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஒரு பத்தி. அழகான மொழியில், ஏதோ நிம்மதியான இடத்துக்குப் போவதுபோல எழுதியிருக்கிறார் ஆசிரியர். விடிகிறது, அத்தியாயம் மாறுகிறது. அவள் எப்படி மீண்டாள், யாரிடம் பேசினாள் என்று ஒரு வரி இல்லை. நான் படித்த எந்த மதிப்புரையிலும் அந்தப் பக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். 1774-ல் ஜெர்மன் எழுத்தாளர் கோத்தேயின் வெர்தர் நாவல், காதல் கைகூடாமல் நாயகன் தற்கொலை செய்துகொள்ளும் கதை, வெளிவந்தபோது, அதைப் படித்து இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொள்வார்கள் என்று அஞ்சி அடுத்த வருஷமே லைப்சிக் நகரத்தில் தடை செய்தார்கள். 1974-ல் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ், தற்கொலைச் செய்திகள் நாளிதழ்களில் பெரிதாக வந்த பிறகு தற்கொலைகள் கூடுவதைக் காட்டி, அதற்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார். 2010-ல் வியன்னா ஆய்வாளர்கள் மறுபக்கத்தையும் காட்டினார்கள். நெருக்கடியில் சிக்கியவர் சாகாமல் மீண்டு வந்த கதைகளைச் சொல்லும் செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் குறைந்திருந்தன. சோகம் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, தடை செய்யவும் சொல்லவில்லை. மீண்ட வழியை எழுதாமல் விட்ட ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டுவது விமர்சகரின் வேலை.

அந்த வேலையை யார் செய்தார்கள் தெரியுமா? 203-ம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பென்சிலால்: "இது படிச்சு கஷ்டமா இருந்தா மூடி வச்சிடு. நைட்டு தனியா படிக்காத. யாராவது பெரியவங்ககிட்ட பேசு. நான் பேசினேன்."

அந்தக் கடைசி இரண்டு சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. யார் எழுதியது என்று கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் புத்தகத்தை எடுத்துப் போகிற ஒவ்வொருவரிடமும் திருப்பித் தரும்போது ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகச் சொல்கிறேன். எல்லோரும் உட்காருகிறார்கள். சிலர் புத்தகத்தைப் பற்றியே பேசுவதில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை இப்படி ஒரு நாவலுக்கு எழுதும்போது, வாசகர்கள் அழுதார்கள் என்பதோடு நிறுத்தாமல் எங்கே அழுதார்கள் என்று விசாரியுங்கள். மோசமான பக்கத்தை மோசம் என்று தாராளமாகச் சொல்லுங்கள், அந்தப் பதினாலு வயசுக்காரன் உங்களோடு நிற்பான். 203-ம் பக்கம் போல ஒன்று இருந்தால் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். என்னைப் போன்றவர்கள் புத்தகத்தை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்கும் முன்பு அது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பிரதி இப்போது என்னிடம் இல்லை. முதுகு பிரிந்து தாள்கள் கழன்று வந்ததால் நேற்று பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன். தைத்து முடித்ததும் மூன்று பக்கமும் ஓரம் வெட்டி நேர் செய்வது அவர்கள் வழக்கம். இதற்கு மட்டும் வெட்ட வேண்டாம், தாள் முன்னே பின்னே நீட்டிக்கொண்டு இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வந்துவிடும். உங்களில் யாராவது வந்து பார்ப்பதாக இருந்தால் 112-ம் பக்கத்தையும் 203-ம் பக்கத்தையும் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பள்ளி நூலகர்