ஒரு ரூம், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்: எங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்துக்கும் எச்.ஆர். டீமுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டோர் ரூம்ல நான் என் குழந்தைக்கு தாய்ப்பால் பம்ப் பண்ணி எடுத்துட்டு இருந்தப்ப நடந்தது உங்க காதுக்கு வந்திருக்கும், அதை திரும்ப விவரிக்க எனக்கு தெம்பு இல்ல. கதவைத் திறந்தவர் பேப்பர் கட்டு எடுக்க வந்தவர், அவர் மேல எனக்கு கோவமே இல்ல. உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத ரூமை காட்டி "இங்கயே பால் எடுத்துக்கோங்க"ன்னு சொன்னது யாரு?

அன்னையிலேர்ந்து மறுபடியும் டாய்லெட்டுக்கே போயிட்டேன். கமோடு மூடி மேல உட்கார்ந்து, மடியில துண்டு விரிச்சு, ஒரு கையில பம்ப், இன்னொரு கையில பாட்டில். வெளிய யாராவது கதவை தட்டினா பால் இறங்குறதே நின்னுடும், ஏன்னா ஆக்ஸிடோசின்ங்கிற ஹார்மோன் சுரந்தாதான் பால் வெளிய வரும், பதட்டம் அதை தடுத்துடும். 20 நிமிஷ வேலை 40 நிமிஷம் ஆகுது, சீட்டுக்கு வந்தா "இவ்ளோ நேரம் எங்க போனீங்க"ன்னு கேள்வி. நேத்து அவசரத்துல பம்போட சின்ன வால்வு டாய்லெட் தரையில விழுந்து, அதை அப்படியே திரும்ப மாட்டி பால் எடுத்துட்டு அப்புறம்தான் அதுல இருந்த ஈரத்தை பார்த்தேன், மொத்த பாலையும் வாஷ்பேசின்ல ஊத்தினேன். வீட்டுல என் ஏழு மாசப் பையன் அதுக்குத்தான் காத்திருந்தான்.

ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கலன்னா மார்ல பால் கட்டிக்கும், வலிக்கும், சிலருக்கு காய்ச்சலே வரும், நாளாக ஆக சுரப்பும் குறைஞ்சுடும். முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோட சேர்த்து 2 வயசு வரைக்கும் அதுக்கு மேலயும் கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பால் கொடுக்கிற இடைவேளையை வேலை நேரமா கணக்கு வச்சு சம்பளமும் கொடுக்கணும்னு சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2000லயே உடன்படிக்கை போட்டிருக்கு. நான் சலுகை கேக்கல.

எனக்காவது மடல் எழுத முடியுது. நம்ம ஆபீஸ் கூட்டிப் பெருக்குற அக்கா ஒருத்தங்க, "எனக்கு மூணாம் மாசமே வத்திடுச்சும்மா, யார்கிட்ட போய் கேக்கறது"ன்னாங்க. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்க குழந்தைக்கு பசிக்காதா? ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம்னு போஸ்டர் ஒட்டினப்ப அவங்களை யாராவது நினைச்சோமா?

கோவத்துல நீட்டிட்டேன், மன்னிக்கணும். கேக்கறது இதுதான்: ஒரு ரூம், உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு நாற்காலி, ஒரு ப்ளக் பாயின்ட், கைகழுவ பக்கத்துலயே தண்ணி, பால் வைக்க ஃப்ரிட்ஜ்ல ஒரு அடுக்கு. வெளிய 4 மணி நேரம்தான் தாங்குற பால் ஃப்ரிட்ஜ்ல 4 நாள் வரைக்கும் இருக்கும். பால் எடுக்கிற நேரத்தை லீவுல கழிக்கக் கூடாது, அந்த ரூமை கான்ட்ராக்ட் பெண்களும் பயன்படுத்தணும்.

ரூம் ரெடியாக நாளாகும்னா பரவாயில்ல, தயவுசெஞ்சு தாழ்ப்பாளை மட்டும் இந்த வாரமே போட்டுக் கொடுங்க.

இப்படிக்கு,
உங்க ஊழியர், ஒரு கைக்குழந்தையோட அம்மா