திருப்பணி நிறைவு அறிக்கை: கலசங்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டிய கணக்கு

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் உள்ள நமது முருகன் கோயில் ராஜகோபுரத்தின் 5 செப்புக் கலசங்களுக்கும் தங்க ரேக்கு ஒட்டி முடித்து, தை மாதத்தில் குடமுழுக்கும் நடந்தேறிவிட்டது. சுதை வேலை, வண்ணப் பூச்சு, தளவரிசை ஆகியவை மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

ரூ. 3,40,000 என்று மதிப்பிட்ட கலச வேலை ரூ. 4,12,600 ஆனது ஏன் என்பதும், அதில் தங்கம் வெறும் 18½ கிராம்தானா என்பதுமே உறுப்பினர்கள் பலர் கேட்பவை. இரண்டாவது கேள்வி குழுவின் நேர்மையைத் தொடுவதால் அதற்கே முதலில் விடை சொல்கிறோம். ரேக்கு என்பது தகடு அன்று. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே அதன் கனம். அந்தக் கனத்துக்கு அடித்தால் 1 கிராம் தங்கம் 5 சதுர அடிக்கு மேல் விரியும். 8 செ.மீ. சதுர ரேக்குகள் 1,500 வாங்கி, ஒவ்வொரு கலசத்துக்கும் இரண்டு சுற்று ஒட்டினோம். அத்தனைக்கும் எடை அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குத் தாம் கொடுத்த செப்புக் குடத்தின் நிறை 3,083 பலம் என்றும், அதில் வேய்ந்த பொன் 2,926½ கழஞ்சு என்றும் (இரண்டும் அக்கால எடை அளவுகள்) ராஜராஜ சோழர் 1010இல் கல்லில் வெட்டிவைத்தார். அவ்வளவு பொன்னுக்கு நாம் வழியற்றவர்கள். நிறை சொல்லும் கடமை நமக்கும் உண்டு.

இனி, கூடுதல் செலவான ரூ. 72,600. முதலில் அமர்த்திய ஒப்பந்ததாரர் ஆடி மாதத்தில் ரேக்குக் கட்டுகளைக் கொண்டுவந்தார். ரேக்கை உரைகல்லில் உரைத்துப் பார்க்க முடியாது. தொட்டாலே விரலோடு வந்துவிடும். ஆகவே குழுவினர் அலுவலக அறையில் ஒரு ரேக்கைக் கண்ணாடித் துண்டின்மேல் கிடத்தி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தோம். அசல் தங்க ரேக்கின் ஊடாக வெளிச்சம் நீலம் கலந்த பச்சையாகக் கசியும். அவர் கொடுத்ததோ ஒளியைச் சிறிதும் விடாமல் இருட்டாக நின்றது. கடைவீதி ஆசாரி ஒருவர் அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். ரேக்கு நுரைத்துப் பச்சை நீராயிற்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ரேக்கு அது. நம் மலைப் பனியில் ஒரு மழைக்காலத்துக்குள் கறுத்துப்போயிருக்கும். கட்டுகள் மாறி வந்துவிட்டன என்றார் ஒப்பந்ததாரர். மாற்றித் தரக் கேட்டோம், தரவில்லை, வேலையை நிறுத்தினோம். முன்பணம் ரூ. 38,000 இன்னும் திரும்பவில்லை. குடமுழுக்கு தள்ளிப்போனதற்காக எங்களைக் கடிந்துகொண்ட உறுப்பினர்களின் மனவருத்தம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கலசத்தின் கீழ் நின்று கும்பிட எங்களுக்கு மனம் வந்திராது.

மீதி ரூ. 34,600 ஈரத்துக்குக் கொடுத்த விலை. ரேக்கைப் பிடித்து வைப்பது ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ். அது பாதி உலர்ந்து, விரலின் பின்புறத்தை வைத்தால் ஒட்டாமல் லேசாகப் பிடித்திழுக்கும் பதத்தில் ரேக்கை வைக்க வேண்டும். முந்தினால் தங்கம் அமிழ்ந்து மங்கும், பிந்தினால் ஒட்டாது. ஐப்பசி மழையில் அந்தப் பதம் வரவே மறுத்தது. மடப்பள்ளியை ஒட்டிய அறையைத் தார்ப்பாயால் மூடி, மின் சூடேற்றி வைத்து, புதிய கைவினைஞர் மூவரையும் கூடுதலாக 19 நாள் தங்கவைத்தோம். ரேக்கு பறக்காமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மயிர்த் தூரிகையால் எடுத்து வைத்ததைப் பார்த்தவர்கள் கூலியைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

பாதரசம் கலந்து தீயில் வாட்டும் பழைய முறை மலிவாக முடிந்திருக்கும் என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அந்த ஆவி வேலை செய்பவரின் உடலைக் கெடுக்கும் என்பதால் அதை ஏற்கவில்லை. மேலே வார்னிஷ் பூசாததும் தெரிந்தே எடுத்த முடிவு. சுத்தத் தங்கத்துக்குக் காப்பு தேவையில்லை. வார்னிஷ்தான் வெயிலில் பழுத்து உரியும்.

பச்சைத் தேயிலை விற்ற பணத்தில் மாதந்தோறும் பங்கு தந்த சிறு விவசாயிகள், காய்கறி மண்டித் தொழிலாளர்கள், ஜீப் ஓட்டுநர்கள், மகளிர் குழுக்கள், கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், பெயர் சொல்லாமல் ஒரு ஜோடிக் கம்மலை உண்டியலில் இட்ட தாய் ஆகிய அனைவருக்கும் எங்கள் வணக்கம். பெயர் தந்தவர்களின் பட்டியல் வாசல் பலகையில் உள்ளது.

கூடுதலான ரூ. 72,600இல் அன்னதான நிதியைத் தொடவில்லை. குழுவினரும் நன்கொடையாளர் சிலரும் ஏற்றுக்கொண்டோம். ரசீதுகளும், மிஞ்சிய ரேக்கு 40ம், அந்தப் பித்தளைக் கட்டும் செயலாளரிடம் உள்ளன. ஞாயிறு காலை பூசை முடிந்ததும் வந்து பார்க்கலாம். முன்பணத்தைத் திரும்பப் பெற வழக்குத் தொடுப்பதா என்பதை அடுத்த பொதுக்குழுவில் நீங்களே முடிவு செய்ய வேண்டுகிறோம்.

திருப்பணிக் குழு