ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியும் பாரம்பரியம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் ஒரு கட்டடத்தைக் காக்க வேண்டும் என்றால், "இரண்டாம் உலகப் போருக்கு முந்தியதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்தக் கணக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வந்தது. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டியவை மட்டுமே அதில் அடங்கின. சட்டம் 2000 பிறந்தபோதே முடிந்துபோனது. எல்லைக்கோடு மட்டும் நம் மனத்தில் தங்கிவிட்டது. 2005 தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் 67ஆவது பிரிவு வயதைக் கேட்பதில்லை. வரலாறு, வடிவமைப்பு, தொழில்நுட்பப் புதுமை, அரிய தன்மை, சமூகத் தொடர்பு ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. 1957இல் திறந்த மெர்டேக்கா அரங்கம் இன்று தேசியப் பாரம்பரியம்.

அப்படியானால் பினாங்கு ஆயர் ஈத்தாமிலுள்ள ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி ஏன் பேச்சிலேயே இல்லை? கான்கிரீட் பலகைகளைத் தனியே வார்த்து, தளத்தில் கொண்டுவந்து பொருத்தும் முறையில் 1960களில் நாட்டில் தொடங்கிய முதல் இரு பெருந்திட்டங்களில் அது ஒன்று. மற்றொன்றான கோலாலம்பூர் பெக்கெலிலிங் அடுக்குமாடியை இடித்துவிட்டார்கள். அழகில்லை என்பது உண்மைதான். ஆனால் 17, 18 மாடிகளில் ஏழைக் குடும்பங்களை இந்நாடு எப்படிக் குடியேற்றியது என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று இதுவே.

"கான்கிரீட் கெட்டுவிட்டது, இடிக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், சோதனை முடிவைக் கேளுங்கள். புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத, அதாவது காரத்தன்மை இழந்த பகுதி, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிவரை எட்டியிருந்தால் துருவின் ஆபத்து உண்டு. அப்போதும் பழுதுபார்க்கலாம்: கம்பிக்குப் பின்னால் சுமார் 20 மில்லிமீட்டர் வரை கொத்தி, துருவை முழுதும் நீக்கி, பிறகு கலவையால் நிரப்ப வேண்டும். பலர் மேற்பரப்பை மட்டும் பூசிவிடுகிறார்கள். உள்ளே துரு வீங்கி, சில ஆண்டுகளில் பூச்சு பெயர்ந்து விழுகிறது. பலகைக் கட்டடங்களில் இணைப்புகளைத் தனியே பார்க்க வேண்டும். அங்கே நீர் கசிந்தால் பலகைகளைப் பிணைக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாமலே அரிக்கும். சுவர்களே பாரம் தாங்குவதால், கதவுக்காக ஒரு சுவரை வெட்டுவதும் ஆபத்து.

பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தால் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்கள் என்று குடியிருப்போர் அஞ்சுவது நியாயமே. வெளிமுகம், படிக்கட்டு, பொது நடைபாதை, தாங்கு சுவர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் காப்பு போதும். அடுக்களை, குளியலறை, தரை ஓடு எல்லாம் அவரவர் விருப்பம். லிஃப்ட், நீர்க்குழாய், மின்கம்பி ஆகியவற்றை மாற்றத் தடையே இருக்கக்கூடாது என்று அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு