பட்டியலில் சேர்த்தபோது தெரிந்தது, எடுத்தபோது யார் சொன்னார்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கும், தில்லியிலும் சென்னையிலும் சுகாதாரத் துறையில் உட்கார்ந்து கொரோனாவுக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்று பட்டியல் எழுதியவர்களுக்கும்,

வணக்கம். நான் டாக்டர் இல்லை, சின்ன ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். 2020-லும் 2021-லும் நீங்கள் எழுதிய ஒவ்வொரு பட்டியலும் சுற்றிச் சுற்றி என் கடை மேஜைக்கு வந்துதான் சேர்ந்தது. யாரோ ஒரு டாக்டர் யாருக்கோ எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து, அது நாலு குரூப் தாண்டி வந்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டி "அண்ணே, இதுல இருக்கறதுல ஒரு செட் குடுங்க" என்பார்கள். செட்! அஸித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், ஐவர்மெக்டின், ஜிங்க், வைட்டமின் சி. ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் வாங்குகிற மாதிரி.

முதலில் மலேரியா மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயின். 2020 மார்ச் 23 அன்று, நோயாளிகளோடு பழகும் சுகாதாரப் பணியாளர்களும் நோய் உறுதியானவர் வீட்டில் இருப்பவர்களும் முன்தடுப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை வந்தது. மூன்றே நாளில் அந்த மாத்திரையை எச்1 அட்டவணையில் போட்டு, சீட்டு வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்றீர்கள். அதற்குள் அட்டைகள் காலி. என்னிடம் மாதாமாதம் அதே மாத்திரை வாங்கும் ஒரு லூபஸ் நோயாளி உண்டு (உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது), கல்லூரிப் பெண். ஏப்ரல் முழுக்க அவள் அம்மா வந்து வந்து வெறுங்கையோடு போனார். ஸ்டாக்கிஸ்டைக் கேட்டால் அவர் சிரிக்கிறார்.

சரி, அவசரம், யாருக்கும் எதுவும் தெரியாத நேரம், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் 2020 ஜூன் 5 அன்றே பிரிட்டனின் ரிக்கவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இந்த மருந்தால் பயனில்லை என்று சொல்லிவிட்டது. உங்கள் பட்டியலிலிருந்து அது வெளியேறியது 2021 செப்டம்பரில். பதினைந்து மாதம். அதற்குள் இரண்டாம் அலையே வந்து போய்விட்டது.

உங்களால் வேகமாகவும் முடியும் என்பதுதான் எனக்கு ஆதங்கம். அதே ரிக்கவரி ஆய்வு ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பற்றிச் சொன்னது: வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆக்ஸிஜனில் இருப்பவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஜூன் 27 அன்று அது நம் வழிகாட்டுதலில் வந்துவிட்டது. பதினோரே நாள்! ஒரு அட்டை டீ விலைகூட வராத பழைய மருந்து, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. உண்மையாகவே கைதட்டினேன், தட்டு இல்லாமல்.

ஆனால் அந்தச் செய்தியின் பாதிதான் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவருக்கு அதனால் பலன் இல்லை, கெடுதல்கூட வரலாம் என்ற மீதிப் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. முதல் வாரத்தில் கிருமி பெருகுகிறது, அப்போது உடம்பின் எதிர்ப்பை அடக்கினால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். பிறகு நுரையீரலில் எதிர்ப்பே அளவு மீறி எரியும்போதுதான் இந்த மருந்துக்கு வேலை. இதை இப்போது இவ்வளவு சுலபமாக எழுதுகிறேன். 2021 மே மாதம் ஒருவர், சர்க்கரை உள்ளவர், காய்ச்சல் வந்து இரண்டாம் நாள், போனில் போட்டோ காட்டினார். சீட்டில் அவர் பெயர் இல்லை. வெளியே பதினைந்து பேர் நிற்கிறார்கள். அந்த ஸ்டீராய்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் அவர் மகன் வந்து அப்பாவுக்குச் சுகர் நானூறைத் தாண்டிவிட்டது என்றான். பிழைத்துக்கொண்டார். தப்பு என்னுடையது, அதை உங்கள் தலையில் கட்டவில்லை. அந்த மாதம்தான் கருப்புப் பூஞ்சை என்ற பெயரை ஊரே கற்றுக்கொண்டது. சர்க்கரையும் கண்டபடி எடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தமிழில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

குணமானவர் ரத்தத்திலிருந்து எடுத்து நோயாளிக்கு ஏற்றிய பிளாஸ்மாவின் கதைதான் எனக்கு ரொம்ப வருத்தம், ஏனென்றால் அது நம்முடைய ஆய்வு. நம் நாட்டின் 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள், 2020 ஏப்ரலில் ஆரம்பித்து ஜூலைக்குள் ஆள் சேர்த்து முடித்தார்கள், அதுவும் ஊரடங்கு நேரத்தில். நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். அக்டோபரில் பிஎம்ஜே என்ற பிரிட்டன் மருத்துவ இதழில் வந்துவிட்டது. நடத்தியது யார்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது நீங்களே. பிளாஸ்மாவைப் பட்டியலிலிருந்து எடுத்தது 2021 மே 17. நடுவில் ஏழு மாதம், எத்தனை குடும்பங்கள் நள்ளிரவில் "பி பாசிட்டிவ் டோனர் இருக்கிறாரா" என்று போன் நம்பரைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா?

ரெம்டெசிவிர் ஊசிக்கு நின்ற வரிசையை நான் சொல்ல வேண்டியதில்லை, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் வெயிலில் நின்றவர்களை எல்லாரும் டிவியில் பார்த்தோம். இறப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அதற்கு ஆறு மாதம் முன்பே சொல்லியிருந்தது. வரிசையில் நின்றவர்களிடம் அதை யார் சொன்னார்கள்? அப்புறம் 2021 ஜூனில் இன்னொரு கூத்து. தில்லியில் சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகத்தின் பட்டியலில் ஐவர்மெக்டின் இல்லை, மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறது. நான் எதைப் பார்த்து விற்பது?

கபசுரக் குடிநீர் பற்றியும் கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் அம்மா தினமும் காய்ச்சினார், குடித்தேன், கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. கேலி செய்ய மாட்டேன். ஆனால் பிளாஸ்மாவை எந்தத் தராசில் நிறுத்தீர்களோ அதே தராசில் அதையும் நிறுத்துச் சொல்லுங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரிக்கவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் முடிவு வந்தபோது 175-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் 11,500 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் நோயாளிகளுக்கா பஞ்சம்? 39 மருத்துவமனைகளை ஒருமுறை சேர்த்துக் காட்டினீர்களே, அந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் வைத்திருங்கள், அடுத்த கிருமி வந்த முதல் வாரமே தொடங்கலாம். அதோடு, ஒரு மருந்தைப் பட்டியலிலிருந்து எடுக்கிற அன்றே, எந்த மருந்து, யாருக்கு வேண்டாம், ஏன் என்று ஒரே ஒரு பக்கம், தமிழில், டாக்டர்களுக்கு மட்டுமில்லாமல் மருந்துக்கடைகளுக்கும் அனுப்புங்கள். எங்கள் லைசென்ஸ் நம்பர், முகவரி எல்லாம் மருந்து ஆய்வாளரிடம் இருக்கிறது. ரிஜிஸ்டர் பார்க்க வரும்போது கையோடு கொண்டுவந்தாலும் போதும். கல்லாவுக்கு மேலே, போனை நீட்டுகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரன்